ஹெண்டனில் நொறுங்கிய கோலத்திலேயே கிடக்கும் ஹாலிஃபாக்ஸ்: ஓர் அருங்காட்சியக மதிப்புரை

லண்டனின் வடபகுதியில் ஹெண்டன் என்னுமிடத்தில் இருக்கும் பிரிட்டிஷ் அரச விமானப்படை அருங்காட்சியகத்தின் குண்டுவீச்சு விமானக் கூடத்துக்குள் நுழைபவரின் கண் லங்காஸ்டர் என்னும் குண்டுவீச்சு விமானத்தைத் தவிர்க்க முடியாது. இரண்டாம் உலகப்போரில் 137 தாக்குதல்களுக்குப் போய்த் திரும்பிய ஆர்5868 என்னும் அந்த விமானம், கறுப்பு வயிறும் பழுப்பும் பச்சையும் கலந்த முதுகுமாக, இன்று இரவே கிளம்பிவிடும் என்பதுபோல் நிமிர்ந்து நிற்கிறது. மூக்கின் பக்கவாட்டில் ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு குண்டுச் சின்னத்தை வரைந்து, எதிரி விமானம் ஒன்றுகூட ஜெர்மனியின் மேல் பறக்காது என்று ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் கோரிங் அடித்த சவடாலையும் எழுதிவைத்திருக்கிறார்கள். எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், நானும் எடுத்துக்கொண்டேன். ஆனால் நான் ரயிலேறிப் போனது அதைப் பார்ப்பதற்காக அல்ல. அதே கூடத்தில், வெளிச்சம் சற்றுக் குறைந்த பக்கத்தில், தரையோடு தரையாகக் கிடக்கும் டபிள்யூ1048 என்னும் ஹாலிஃபாக்ஸ் ரகக் குண்டுவீச்சு விமானத்தைப் பார்க்கத்தான் போனேன். வேடிக்கை என்னவென்றால், இரண்டு விமானங்களுக்கும் படையினர் வைத்திருந்த அழைப்புப் பெயர் ஒன்றுதான்: 'எஸ் ஃபார் ஷுகர்'.

மீட்டெடுத்த போர்க்கால விமானங்களைக் கிடைத்த கோலத்திலேயே பேணுவதா, புதிதுபோல் சீரமைப்பதா என்ற வாக்குவாதம் விமான ஆர்வலர்களிடையே பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. அந்த வாக்குவாதத்தைப் படித்துப் படித்து எனக்கென்று ஓர் அபிப்பிராயம் உருவாகியிருந்தது. அது நேரில் பார்த்தால் தாக்குப்பிடிக்கிறதா என்று சோதிப்பதற்காகவே ஹெண்டனையும், அதே நிறுவனத்தின் இன்னொரு கிளையான காஸ்ஃபோர்டையும், பிரிட்டனிலேயே உள்ள வேறு இரண்டு இடங்களையும் சுற்றி வந்தேன். இதில் பெரும்பகுதி ஹெண்டனைப் பற்றியது. மற்றவை ஒப்பீட்டுக்காக வருகின்றன.

முதலில் அந்த ஹாலிஃபாக்ஸின் கதை. 1942 ஏப்ரல் 27ஆம் தேதி இரவு, நார்வேயின் ட்ரோண்ட்ஹைம் நகருக்கு அருகே ஒரு கடற்கழிக்குள் பதுங்கியிருந்த 'டிர்பிட்ஸ்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலைத் தாக்குவதற்காக, ஸ்காட்லாந்தின் கின்லாஸ் தளத்திலிருந்து 35ஆம் ஸ்குவாட்ரன் என்னும் விமானப்பிரிவைச் சேர்ந்த இந்த விமானம் கிளம்பியது. கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழே உருண்டுபோய் வெடிக்கட்டும் என்ற எண்ணத்தில், மலைச்சரிவில் விட்டு உருட்டுவதற்கான உருண்டை வடிவக் கண்ணிவெடிகளை அதில் ஏற்றியிருந்தார்கள். தரையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டுகள் பட்டு விமானம் தீப்பிடித்தது. ஸ்வீடன்வரை போய்ச்சேர வழியில்லை என்று தெரிந்ததும், பனி உறைந்து கிடந்த ஹோக்லிங்கன் ஏரியின் மேல் வயிறு தரையில் உரச இறக்கிவிட்டார் விமானி. விமானத்தில் இருந்த எல்லோரும் பிழைத்தார்கள். ஒருவரைத் தவிர மற்றவர்கள் நடந்தே ஸ்வீடனை அடைந்தார்கள். கணுக்கால் முறிந்த எஞ்சின் பொறியாளர் மட்டும் ஜெர்மானியர்களிடம் சிறைப்பட்டார். ஆட்கள் போன சில மணி நேரங்களில் பனிக்கட்டி உடைந்து, விமானம் ஏரிக்குள் மூழ்கியது. ஏறத்தாழ 27 மீட்டர் ஆழத்தில் 31 ஆண்டுகள் கிடந்து, 1973இல் விமானப்படையின் முக்குளிப்பாளர்களால் மேலே தூக்கப்பட்டது.

போர்க்காலத்தில் 6,000க்கும் மேற்பட்ட ஹாலிஃபாக்ஸ் விமானங்கள் கட்டப்பட்டன. போர் முடிந்ததும் ஒன்றைக்கூட எடுத்துவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அத்தனையும் பழைய இரும்புக் கடைக்குப் போயின. ஆகவே ஏரியிலிருந்து வந்த இந்த விமானம் எழுபதுகளில் எவ்வளவு பெரிய புதையலாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். அதைப் புதிதுபோல் ஆக்கிவிட வேண்டும் என்ற ஆசையும் அப்போதே எழுந்தது. அதற்கான சாட்சி விமானத்திலேயே இருக்கிறது. முன்மூக்கிலுள்ள துப்பாக்கிக் கூண்டு மட்டும் சீரமைக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் ஏரி தந்தபடியே விடப்பட்டிருக்கிறது.

அந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். சீரமைத்த கூண்டு சுத்தமாக, அளவாக, கண்ணாடியும் சட்டமும் பொருந்தி, பயிற்சிக் கையேட்டில் வரைந்த படம்போல் இருக்கிறது. அதிலிருந்து கண்ணைச் சற்றே பின்னால் நகர்த்தினால், கசங்கிய அலுமினியத் தகடும், வண்ணம் உரிந்து சாம்பல் பூத்த பரப்பும், உள்ளே இருக்கும் விலா எலும்புகள் தெரியும் இடங்களும் தொடங்குகின்றன. தகடுகளைப் பிணைக்கும் ஆணிகளான ரிவெட்டுகளின் வரிசை ஓரிடத்தில் நூல் பிடித்ததுபோல் நேராகப் போகிறது. தகடு மடங்கிய இடத்தில் அந்த வரிசையும் அலையாக வளைகிறது. எவ்வளவு வேகத்தில், எந்தப் பக்கமாக அழுத்தம் வந்தது என்பதை அந்த வளைவைப் பார்த்தே ஒரு பொறியாளர் சொல்லிவிடுவார். கூண்டு எனக்கு ஹாலிஃபாக்ஸ் என்ற ரகத்தைக் காட்டியது. மீதி உடல் இந்த ஒரு விமானத்தைக் காட்டியது.

என் பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன் தன் தாத்தாவிடம், "இதை ஏன் இன்னும் சரிபண்ணவில்லை?" என்று கேட்டான். தாத்தா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிபண்ணினால் அது விழுந்ததே தெரியாமல் போய்விடும்" என்றார். அவரைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் அவர் சொன்னதில் பாதிதான் அடங்கியிருக்கிறது. இன்னொரு பாதியைப் புரிந்துகொள்ளக் காஸ்ஃபோர்டுக்குப் போக வேண்டும்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள காஸ்ஃபோர்டில் இதே அருங்காட்சியகத்தின் இரண்டாவது வளாகமும், மைக்கேல் பீதம் பாதுகாப்பு மையம் என்னும் பணிமனையும் இருக்கின்றன. ஒரே நிறுவனம் மூன்று சிதைவுகளுக்கு மூன்று வெவ்வேறு தீர்ப்புகளை எழுதியிருப்பதை இங்கு வந்தால் காணலாம். ஹாலிஃபாக்ஸை அப்படியே விட்டது ஒன்று. ஹாம்ப்டன் பி1344 இரண்டாவது. 1942 செப்டம்பரில் ரஷ்யாவுக்குப் போகும் வழியில் சுட்டு வீழ்த்தப்பட்டு, கோலா தீபகற்பத்தில் கிடந்து, 1991இல் மீட்கப்பட்ட இந்த விமானத்துக்குப் பல ஆண்டுகளாகப் புதிய பாகங்கள் செய்து, பழையவற்றோடு சேர்த்து முழு உருவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மூன்றாவது, கடலிலிருந்து வந்த டோர்னியர் 17. அதைப் பழையபடி விடவும் முடியாது, புதிதாக்கவும் முடியாது. அழியாமல் நிறுத்திவைப்பதே பெரும்பாடு.

டோர்னியரின் கதைக்குச் சற்று இடம் தரத்தான் வேண்டும். 1940 ஆகஸ்ட் 26ஆம் தேதி சுட்டு வீழ்த்தப்பட்டு, இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் தலைகீழாகப் புதைந்த ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானம் அது. அந்த ரகத்தில் ஓரளவு முழுமையாக மிஞ்சியிருப்பதாக அறியப்படுவது இது ஒன்றுதான். 2013 ஜூன் 10ஆம் தேதி கடலிலிருந்து தூக்கினார்கள். விமானத்தைச் சுற்றி ஒரு சட்டத்தைக் கட்டி அப்படியே தூக்குவது என்று முதலில் திட்டமிட்டிருந்தார்கள். வானிலை நாள்கணக்கில் சதிசெய்ததால் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, உடலின் வலுவான இடங்களில் கயிறு கட்டியே இழுத்தெடுத்தார்கள். நீர் சொட்டச் சொட்ட, சிப்பியும் பாசியும் ஒட்டிய அந்த உருவம் மேலே வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு மெய்சிலிர்த்திருக்கும். உண்மையான நெருக்கடி தொடங்கியதோ அந்த நொடியில்தான்.

விமானத்தின் தோல் சாதாரண அலுமினியம் அல்ல. வலுவுக்காகத் தாமிரம் கலந்த உலோகக் கலவை. கடல்நீரிலுள்ள குளோரைடு அந்தக் கலவையின் நுண்ணிய படிக மணிகளுக்கு இடையே நுழைந்து, உள்ளிருந்து அரித்து, தகட்டை ஏடு ஏடாகப் பிரித்துவிடும். எஃகு ஆணியும் அலுமினியத் தகடும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், அது ஒரு மின்கலம்போல் இயங்கி, அலுமினியம் கரைந்துபோகும். மணலுக்கடியில் ஆக்சிஜன் குறைவாக இருந்தவரை இந்த வேலை மெதுவாக நடந்தது. மேலே வந்து காற்றுப்பட்டு உலரத் தொடங்கினால், உள்ளே மிஞ்சிய உப்பு படிகமாகி, எழுபது ஆண்டுகளில் நடக்காத நாசம் சில மாதங்களில் நடந்துவிடும். ஆகவே பிளாஸ்டிக் விரிப்பு போர்த்திய நீளமான குகைக்கூடாரங்களுக்குள் விமானத்தை வைத்து, அமிலத்தன்மையை மட்டுப்படுத்திய சிட்ரிக் அமிலக் கரைசலை இடைவிடாமல் தெளித்தார்கள். எலுமிச்சையில் இருக்கும் அதே அமிலம்தான். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆய்வாளர்கள் வகுத்துத் தந்த முறை அது. படிவுகள் இளகியதும் ஆட்கள் உட்கார்ந்து கையாலேயே சுரண்டியெடுத்தார்கள்.

ஹெண்டனில் கேட்ட பாதி பதிலின் மறுபாதி எனக்கு இங்குதான் கிடைத்தது. அப்படியே விடுவது என்று நாம் சொல்லும்போது, ஏதோ கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதுபோன்ற தொனி வந்துவிடுகிறது. நீரிலிருந்து வெளியே வந்த உலோகத்துக்கு அப்படி ஒரு நிலையே கிடையாது. விட்டுவைப்பதும் ஒரு வேலை. சீரமைப்பதைவிட நீண்ட, கைதட்டல் கிடைக்காத, முடிவே இல்லாத வேலை. ஹோக்லிங்கன் ஏரியின் நீர் நன்னீராகவும் குளிர்ந்ததாகவும் இருந்ததால் ஹாலிஃபாக்ஸுக்கு அந்த வேலை ஓரளவு இலகுவானது; டோர்னியருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பேணுவதா, சீரமைப்பதா என்று கொள்கை பேசுகிறவர்கள், விமானம் கிடந்த நீர் உப்பா, நன்னீரா என்ற கேள்வியை முதலில் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

நன்னீரின் அருமைக்கு இன்னோர் எடுத்துக்காட்டு, சர்ரே மாவட்டத்தில் புரூக்லாண்ட்ஸ் அருங்காட்சியகத்திலுள்ள வெல்லிங்டன் என்2980. 1940 டிசம்பர் 31 அன்று பயிற்சிப் பறப்பில் எஞ்சின் பழுதாகி லாக் நெஸ் ஏரியில் இறங்கி மூழ்கிய இந்த விமானத்தை, 1976இல் அந்த ஏரியின் பேர்போன பூதத்தைத் தேடி ஒலியலைக் கருவியோடு வந்த அமெரிக்கர்கள் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். பூதம் அகப்படவில்லை, குண்டுவீச்சு விமானம் அகப்பட்டது. 1985இல் வெளியே எடுத்து மின்கலத்தை இணைத்தபோது அதன் வால் விளக்கு எரிந்தது என்பது ஆர்வலர்கள் அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லும் சேதி.

வெல்லிங்டனைப் பொறுத்தவரை நடுவழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்த வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த அந்த உடல், கூடை முடைந்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய உலோகப் பட்டைகளால் ஆனது. அதன் மேல் துணி போர்த்துவது வழக்கம். முழுக்கத் துணி போர்த்தியிருந்தால் பார்வையாளர் ஒரு பழைய விமானத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்திருப்பார். உடலின் பெரும்பகுதியைத் துணியின்றி விட்டிருப்பதால், எந்தப் பட்டை ஏரியில் கிடந்தது, எது பிற்காலத்தில் செய்து சேர்க்கப்பட்டது என்பதைக் கண்ணாலேயே பிரித்தறிய முடிகிறது. காணாமல்போன மேற்பகுதியை நிரப்பியிருக்கிறார்கள், ஆனால் அந்த நிரப்பலை மறைக்கவில்லை. இந்த விமானம் பிறந்த ஆலை அதே வளாகத்தில்தான் இருந்தது என்பதும் பார்க்கிறவருக்கு ஒரு நெருக்கத்தைத் தருகிறது.

இனி மறுபக்கம். கேம்பிரிட்ஜுக்கு அருகே டக்ஸ்ஃபோர்டில், போர் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான என்3200 என்னும் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தைப் பார்த்தேன். 1940 மே 26 அன்று பிரான்ஸில் சிக்கிய நேசநாட்டுப் படைகளைக் கடல்வழியே அழைத்துவந்த டன்கர்க் மீட்பின்போது பிரான்ஸின் சாங்காட் கடற்கரையில் இறங்கி மணலுக்குள் போன அந்த விமானம், 1986இல் வெளியே வந்தது. சீரமைக்கப்பட்டு 2014இல் மறுபடி பறந்தது. 2015இல் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக வழங்கப்பட்டது. அதே வாரங்களில் காலே கடற்கரையில் விழுந்த இன்னொரு ஸ்பிட்ஃபயரான பி9374, இப்படியே சீரமைக்கப்பட்டு, 2015 ஜூலையில் லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 31 லட்சம் பவுண்டு அளவுக்கு விலைபோனது. சிதைவுகளை மீட்பதில் எவ்வளவு பணம் புழங்குகிறது என்பதற்கு அந்த ஒரு தொகையே போதும்.

மெர்லின் எஞ்சின் உறுமிக்கொண்டு ஸ்பிட்ஃபயர் தலைக்கு மேலே சாய்ந்து திரும்பும்போது கொள்கையெல்லாம் மறந்துபோகிறது என்பதை நான் ஒளிக்கப்போவதில்லை. அந்த ஓசையை எந்தக் கண்ணாடிப் பேழையும் தராது. ஆனால் பறக்க வேண்டும் என்ற முடிவை எடுத்த உடனேயே, பழைய உலோகத்துக்கு விடைகொடுக்கும் முடிவையும் எடுத்தாகிவிடுகிறது. கடல் மணலில் அரிபட்ட இறக்கைத் தண்டை நம்பி ஒரு விமானியை ஏற்றுவதற்கு எந்தப் பாதுகாப்பு அதிகாரியும் கையெழுத்திட மாட்டார். அதில் நியாயமும் இருக்கிறது. எனவே தோலும் தண்டும் சட்டங்களும் புதிதாகச் செய்யப்படுகின்றன. பழைய பாகங்கள் பெரும்பாலும் அளவெடுப்பதற்கு மாதிரியாகப் பயன்பட்டு, பிறகு ஓரமாகப் போய்விடுகின்றன. விமானத்தின் எண்ணும், அடையாளத் தகடும், உலோகத்தின் ஒரு சிறு பங்கும் தொடர்கின்றன. இதை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இதைச் சொல்லாமல் விடுவது மோசடிக்குப் பக்கத்தில் போய்விடுகிறது.

இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு தனியார் சேகரிப்பில், மணலிலிருந்து மீட்டு முழுமையாகச் சீரமைத்ததாகப் பலகை வைத்திருந்த ஒரு போர்விமானத்தின் அருகே நின்று, இதில் எவ்வளவு பங்கு பழையது என்று வழிகாட்டியைக் கேட்டேன். "எல்லாமே அசல்தான்" என்றார். அடிப்புறத்திலுள்ள ஆய்வு மூடியின் உள்விளிம்பில் அண்மைக்கால உலோக ஆலையின் அச்சு முத்திரை பளிச்சென்று தெரிந்தது. அதைக் காட்டியதும், "அசல் வரைபடத்தின்படி செய்தது என்று சொல்ல வந்தேன்" என்று திருத்திக்கொண்டார். நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரலாறு காட்டும் இடத்தில் இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே உள்ள தூரம் சின்னதல்ல. அடுத்து வந்த பத்துப் பேர் முதல் வாக்கியத்தை மட்டுமே கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

சீரமைப்பின் ஆபத்துக்கு இதைவிடக் கடுமையான எடுத்துக்காட்டு எகிப்தில் இருக்கிறது. 1942 ஜூனில் சகாராவில் இறங்கிய கிட்டிஹாக் இடி574 என்னும் விமானம், 70 ஆண்டுகள் கழித்து 2012இல், ஆள் நடமாட்டமில்லாத மணல்வெளியில் ஏறத்தாழ முழுமையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அருகில் பாராசூட் துணியை நிழலுக்காகக் கட்டியதன் தடயம் இருந்தது. வானொலிக் கருவியைக் கழற்றி வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். விமானி டென்னிஸ் காப்பிங் தரையிறங்கிய பிறகும் உயிரோடிருந்து, உதவிக்கு அழைக்க முயன்றிருக்கிறார் என்பதை அந்த இரண்டு பொருள்களும் சொல்லிவிட்டன. அவருடைய உடல் கிடைக்கவில்லை. ஓர் எழுத்தும் இல்லாமல் ஓர் இளைஞனின் கடைசி நாட்களை எழுதிவைத்திருந்த அந்த விமானம் பிற்பாடு அல் அலமைன் ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போய்ச்சேர்ந்தது. அங்கே அதைச் சீரமைத்துப் பளபளவென்று புது வண்ணம் பூசிவிட்டார்கள். மணல் தேய்த்துத் தேய்த்து வெள்ளி நிறமாக்கிய உலோகம் அந்த வண்ணத்துக்குள் போய்விட்டது. படங்களைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. பூசிய வண்ணத்தைச் சுரண்டலாம். பாலைவனம் தேய்த்த தேய்மானத்தைத் திரும்பப் பூச முடியாது.

எதிர்க்கட்சியின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஹாலிஃபாக்ஸ் விஷயத்திலேயே அது வலுவாக இருக்கிறது. உலகில் இன்று பார்க்கக்கூடிய ஹாலிஃபாக்ஸ்கள் மூன்றே மூன்று. ஹெண்டனில் இருப்பது ஒன்று. கனடாவின் ட்ரெண்டனில் இருக்கும் என்ஏ337 இன்னொன்று. 1945 ஏப்ரலில் நார்வேயின் மியோசா ஏரியில் விழுந்து, வால் துப்பாக்கி வீரர் ஒருவர் மட்டுமே உயிர்பிழைத்த அந்த விமானத்தை, 1995இல் 200 மீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து எடுத்து, தன்னார்வலர்கள் பத்தாண்டு உழைத்து 2005இல் முழு உருவத்தில் நிறுத்தினார்கள். மூன்றாவது, யார்க்ஷயர் விமான அருங்காட்சியகத்திலுள்ளது: ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கோழிக்கூடாகப் பயன்பட்டுக்கொண்டிருந்த ஓர் உடல்துண்டோடு, ஹேஸ்டிங்ஸ் என்னும் வேறு ரக விமானத்தின் இறக்கைகளைப் பொருத்தி, எஞ்சியதைப் புதிதாகச் செய்து உருவாக்கியது.

கனடாவின் விமானப்படையினர் ஆயிரக்கணக்கில் ஹாலிஃபாக்ஸில் பறந்தவர்கள். அவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்களுடைய குடும்பங்களின் முன்னால் நொறுங்கிய உலோகக் குவியலை வைத்து, "இதுதான் வரலாற்றுக்கு நேர்மை" என்று சொல்ல எனக்குத் துணிவு வராது. தன் அப்பா எந்தக் கூண்டுக்குள் எட்டு மணி நேரம் குளிரில் முடங்கி உட்கார்ந்திருந்தார் என்று பார்க்க விரும்பும் மகளுக்கு, ட்ரெண்டனின் விமானமே பதில் சொல்லும். யார்க்ஷயர் விமானத்தையும் நான் குறைசொல்ல மாட்டேன். கோழிக்கூட்டிலிருந்து தொடங்கினோம் என்பதை அவர்கள் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில். ஒருவேளை அந்த இரண்டும் முழு உருவத்தில் நிற்பதால்தான், ஹெண்டனால் தன்னுடையதைத் தொடாமல் வைத்திருக்க முடிகிறது என்றுகூடத் தோன்றுகிறது. மூன்றில் ஒன்று மட்டுமே மிஞ்சியிருந்தால் நான் இதே தீர்ப்பை எழுதுவேனா என்பது சந்தேகமே.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 1986ஆம் ஆண்டின் ராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ராணுவ விமானம் விழுந்த இடத்தைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் தோண்டக் கூடாது. மனித எச்சங்கள் இருக்கக்கூடும் என்று தெரிந்தால் பொதுவாக உரிமம் கிடைக்காது. ஆகவே பேணுவதா, சீரமைப்பதா என்ற கேள்விக்கு முன்னாலேயே, எடுப்பதா, விடுவதா என்று ஒரு கேள்வி நிற்கிறது. ஹாலிஃபாக்ஸில் இருந்த எல்லோரும் பிழைத்தார்கள் என்ற சேதி, அதன் முன்னால் நிற்பவரின் மனத்தை எவ்வளவு இலேசாக்குகிறது என்பதை அங்கே நின்றபோதுதான் உணர்ந்தேன். கல்லறை ஒன்றைக் காட்சிப்பொருளாகப் பார்க்கிறோமோ என்ற உறுத்தல் இங்கே இல்லை.

இத்தகைய காட்சிகளைக் குறித்துப் பொதுவாக எனக்கொரு விருப்பம் உண்டு. நொறுங்கிய விமானத்தைக் காட்டும் இடங்கள், அது எப்படி விழுந்தது என்பதை விரிவாகச் சொல்கின்றன. விழுந்த பிறகு நாம் அதற்கு என்ன செய்தோம் என்பதைச் சொல்லத் தயங்குகின்றன. எந்தத் தகடு ஏரிக்கடியில் கிழிந்தது, எது தூக்கும்போது கிழிந்தது, எதை முன்னாளில் யாரோ சுத்தம் செய்தார்கள், எதன் மேல் என்ன பூசப்பட்டிருக்கிறது என்று பாகம் பாகமாக வண்ணமிட்ட ஒரு வரைபடம் பக்கத்தில் இருந்தால், பார்வையாளரின் கண்ணுக்குப் புது வேலை கிடைக்கும். அப்படிப் பார்த்தால் அந்த முன்கூண்டும் ஒரு தவறாகத் தெரியாது; எழுபதுகளில் மக்கள் எப்படி யோசித்தார்கள் என்பதற்கு அதுவும் ஒரு சான்றாகிவிடும். இப்போதும் அதைப் பழைய கோலத்துக்குத் திருப்ப வேண்டாம் என்றே சொல்வேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஹெண்டன், காஸ்ஃபோர்ட் இரண்டுக்கும் நுழைவு இலவசம். டக்ஸ்ஃபோர்டுக்கும் புரூக்லாண்ட்ஸுக்கும் கட்டணம் உண்டு. ஹெண்டனுக்குப் போக, சுரங்க ரயிலின் வடக்குத் தடத்தில் காலின்டேல் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். காஸ்ஃபோர்டில் ரயில் நிலையத்திலிருந்தே நடந்துபோகலாம். நான்கு இடங்களையும் பார்க்க முடியாதவர்கள் ஹெண்டனையும் புரூக்லாண்ட்ஸையும் தேர்ந்தெடுங்கள். தொடாமல் விட்டதையும், தொட்ட இடத்தைக் காட்டிக்கொடுக்கும்படி தொட்டதையும் அடுத்தடுத்துப் பார்த்தால், இந்த வாக்குவாதத்துக்கு வேறு முன்னுரை தேவையில்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் லங்காஸ்டரை முதலில் பார்த்துவிட்டு ஹாலிஃபாக்ஸுக்கு வாருங்கள். முழு விமானம் எப்படி இருக்கும் என்று தெரிந்த பிறகு பார்த்தால்தான், இதில் என்ன போயிற்று, எது மிஞ்சியது என்று அவர்களால் எண்ண முடியும்.

ஹாலிஃபாக்ஸைச் சுற்றிவர ஐந்து நிமிடம் போதும் என்றுதான் தோன்றும். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கண் முதலில் சிதைவை மட்டுமே பார்க்கும்; வண்ணம் எங்கே மிஞ்சியிருக்கிறது, தகடு எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்று அது தேடத் தொடங்கச் சற்று நேரம் பிடிக்கிறது. நான் கிளம்பும்போது அந்தச் சிறுவன் திரும்பி வந்து, தாத்தாவின் கையை உதறிவிட்டு, தடுப்புக் கம்பியில் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு, கசங்கிய தகட்டிலுள்ள ரிவெட்டுகளை விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தான்.